கை படாத இரும்புக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு வெல்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் வேலை. மீதி இரண்டு நாளும், சம்பளத்தில் ஒரு நல்ல பங்கும், வீட்டு கராஜில் நிற்கும் 1969 மாடல் செவர்லே கமாரோவுக்குப் போய்விடும். 350 கன அங்குல வி-8 எஞ்சின். கம்பெனி கொடுத்த கணக்கு 300 குதிரைத்திறன். அந்தக் காரை அவர் டிராக் ரேஸில் ஓட்டுகிறார்.

இப்போது அவர் மேஜை மேல் இரண்டு ஜோடி சிலிண்டர் ஹெட். இரண்டும் வார்ப்பிரும்பு. இரண்டிலும் ஒரே வார்ப்பு எண். ஒரே துரு, ஒரே எடை, கேட்கும் விலையும் ஒன்று. ஆனால் சோதித்துப் பார்த்ததில் ஒரு ஜோடி மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காற்றை விடுகிறது. பந்தயக்காரனுக்குக் காற்றுதானே சோறு? அதிகமாக விடுவதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே?

மனிதர் எடுக்கவில்லை. இரண்டு நாளாக யோசிக்கிறார்.

எதை யோசிக்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் டிராக் ரேஸ் என்றால் என்ன? வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேரான பாதை, கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். பத்துப் பன்னிரண்டு விநாடியில் கதை முடிந்துவிடும். அமெரிக்காவில் இதை நடத்தும் பெரிய அமைப்பு என்.ஹெச்.ஆர்.ஏ. 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தொடங்கியது. தெருவில் கண்டபடி பந்தயம் விட்டுக்கொண்டிருந்த பையன்களை ஒழுங்கான பாதைக்குக் கொண்டுவருவதுதான் அப்போதைய நோக்கம்.

டி.வி.யில் காட்டுவதெல்லாம் நெருப்பைக் கக்கிக்கொண்டு போகும் நீளமான வண்டிகள். அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். நம்முடைய வெல்டர் இருப்பது 'ஸ்டாக்' என்ற பிரிவில். ஸ்டாக் என்றால் கடையில் வாங்கியபடி. கார் எப்படித் தொழிற்சாலையை விட்டு வந்ததோ, எஞ்சினின் முக்கிய உறுப்புகள் அப்படியே இருக்க வேண்டும். காரின் எடையை அதன் குதிரைத்திறனால் வகுப்பார்கள். வருகிற விடையைப் பொறுத்து வகுப்பு. உதாரணத்துக்கு 3200 பவுண்டு, 300 குதிரைத்திறன் என்றால் ஒரு குதிரைக்கு 10.67 பவுண்டு. பக்கத்தில் இருப்பவனும் கிட்டத்தட்ட அதே விகிதம். பணக்காரன், ஏழை என்று பார்க்காமல் சமமான இருவரை மோதவிடும் ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

சரி, இதில் ஹெட்டுக்கு என்ன வேலை?

எஞ்சினைப் பானை என்று வைத்துக்கொண்டால் ஹெட்தான் மூடி. ஆனால் சும்மா மூடி இல்லை. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வழி, எரிந்த புகை வெளியே போகும் வழி, இரண்டையும் திறந்து மூடும் வால்வுகள், எரிவதற்கான குழி, எல்லாம் இதில்தான். கீழே இருக்கும் பிஸ்டன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், மேலே ஹெட் விடுகிற காற்றுக்கு மேல் ஒரு துளி சக்திகூட வராது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப் பாருங்கள், புரியும்.

அதனால்தான் எஞ்சின் கட்டுகிறவர்கள் முதலில் கை வைப்பது ஹெட்டில். கிரைண்டரை எடுத்து வழியை அகலப்படுத்துவார்கள், உப்புத்தாள் போட்டு இழைப்பார்கள், பெரிய வால்வு மாட்டுவார்கள். இல்லாவிட்டால் பழைய இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாதி எடையில் கிடைக்கும் அலுமினிய ஹெட்டை வாங்கி மாட்டிவிடுவார்கள்.

ஸ்டாக் பிரிவில் அந்த வேலையெல்லாம் நடக்காது. வழியைக் குடையக் கூடாது, இழைக்கக் கூடாது, பசை பூசி வடிவத்தை மாற்றக் கூடாது. அந்த வருடம், அந்தக் கார், அந்தக் குதிரைத்திறன் எஞ்சினுக்கு விதிப்படி எந்த வார்ப்பு உண்டோ அதைத்தான் மாட்ட வேண்டும். அது இரும்பு என்றால் இரும்பு. (சூப்பர் ஸ்டாக் என்று இன்னொரு பிரிவு உண்டு. அங்கே கொஞ்சம் கூடுதல் சுதந்திரம், அதற்கு வேறு வரம்புகள்.)

"அப்படியானால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் வேடிக்கை ஆரம்பம்.

செவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' வி-8 எஞ்சின் 1955-ல் 265 கன அங்குலத்தில் வந்தது. பிறகு 283, 327, 350 என்று வளர்ந்தது. ஆனால் ஹெட்டைப் பூட்டும் போல்ட் துளைகள் அதே இடத்தில்தான் இருந்தன. விளைவு? பல பத்தாண்டு கால ஹெட்கள் ஒன்றுக்கொன்று மாறி உட்காரும். 1996-ல் லாரிகளுக்காக வந்த 'வோர்டெக்' ஹெட்டும் இரும்புதான். அதே கம்பெனி. பழைய பிளாக்கில் உட்காரும். இன்டேக் மேனிஃபோல்டை மாற்ற வேண்டியிருக்கும். காற்று விடுவதில் 1960-களின் ஹெட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் 1969 கமாரோ அந்த ஹெட்டோடு தொழிற்சாலையை விட்டு வரவே இல்லை. ஆகவே நம்மவருக்கு அது வெறும் இரும்பு. பொருந்துகிறது என்பது வேறு, செல்லும் என்பது வேறு. இந்த விளையாட்டின் முதல் பாடம் இதுதான்.

அவர் தேடுவது 'ஒட்டகத் திமில்' ஹெட். ஹெட்டின் நுனியில் இரண்டு மேடு வார்த்திருக்கும், ஒட்டகத்தின் இரண்டு திமில் மாதிரி. அதனால் வந்த செல்லப் பெயர். மேடு தெரிந்ததும் பழைய ஆட்களுக்குக் கண் விரியும். ஆனால் மேடு மட்டும் போதாது. வால்வு மூடியைக் கழற்றினால் உள்ளே ஏழு இலக்க எண் இருக்கும். கடைசி மூன்று இலக்கத்தைத்தான் பேச்சில் சொல்வார்கள். 461, 462, 291, 186, 041... பள்ளிக்கூட ரோல் நம்பர் மாதிரி. இதில் 461-க்கும் 462-க்கும் நுனியில் போல்ட் துளை கிடையாது. 1969-ல் ஆல்டர்னேட்டர் போன்ற உறுப்புகளை ஹெட்டிலேயே பூட்ட வேண்டி வந்ததால் 186, 041 இரண்டிலும் துளை உண்டு. ஒரு துளையைப் பார்த்து வருடம் சொல்லிவிடலாம்.

எண்ணுக்குப் பக்கத்தில் தேதியும் இருக்கும். ஆங்கில எழுத்து ஒன்று மாதம், பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். பழைய காரை அச்சு அசலாகப் புதுப்பிக்கிறவர்களுக்கு இந்தத் தேதி உயிர். காரின் தேதிக்கு ஒத்துப்போகும் ஹெட் கிடைத்தால் கூடுதல் விலை கொடுப்பார்கள். பந்தயக்காரருக்குத் தேதி தேவையில்லை, எண் சரியாக இருந்தால் போதும். ஆனால் இரண்டு பேரும் ஒரே காயலான் கடையில் தேடுவதால் விலை ஏறிவிடுகிறது.

அடுத்தது வால்வு. 186 எண் ஹெட் இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் இன்டேக் வால்வு 1.94 அங்குலம், இன்னொன்றில் 2.02 அங்குலம். எண் ஒன்றுதான்! நம்மவரின் 300 குதிரை எஞ்சினுக்கு உரியது 1.94. பெரியது மாட்டினால் எண் சரி, வால்வு தப்பு, ஆள் வெளியே.

இதில் ஒரு சோகம் இருக்கிறது. இந்த ஹெட்கள் கிடைத்த காலத்தில் கார் பைத்தியம் பிடித்த பையன்கள் வாங்கிவந்து முதல் வேலையாக 1.94-ஐ வெட்டி 2.02 ஆக்கினார்கள். கிரைண்டர் போட்டு வழியைக் குடைந்தார்கள். தெருவில் ஓட்ட அது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இன்றைக்கு ஸ்டாக் பந்தயக்காரர் கண்ணுக்கு அது கெட்டுப்போன ஹெட். வெட்டிய இரும்பு திரும்ப வளராது. யாரோ ஒருவர் அன்றைக்குச் சோம்பேறித்தனமாக மூலையில் போட்டு வைத்தாரே, அந்த ஹெட்டுக்குத்தான் கிராக்கி. திறமைசாலி கை வைத்ததற்கு மதிப்பில்லை, கை வைக்காததற்கு மதிப்பு. உலகத்தில் வேறெந்தத் தொழிலிலாவது இப்படி உண்டா தெரியாது!

கை படாத ஹெட் கிடைத்துவிட்டது என்றாலும் வேலை முடியவில்லை. மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் ஃபவுண்டரி லேபை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மோல்டிங் பெட்டி, மண், நடுவில் கோர். கோர் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கச் சுவர் தடிமனாகும், மறுபக்கம் மெலியும். கம்பெனிக்கும் அதே மண், அதே கோர், அதே பிரச்சினை. லட்சக்கணக்கில் வார்க்கும்போது ஒன்றுபோல் இன்னொன்று வராது. ஒரே எண் கொண்ட பத்து ஹெட்டை வரிசையாக வைத்தால் பத்தும் பத்து விதம். சிலதில் காற்று வழி ஒரு மயிரிழை நேராக அமைந்திருக்கும், சிலதில் வால்வுத் தண்டு நுழையும் இரும்புக் குமிழ் துளையின் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அந்தக் குமிழைப் பார்த்தே கோர் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கெட்டிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதில் திருத்தம் செய்ய அனுமதி இல்லை. ஆனால் பத்தில் நல்லது எது என்று பொறுக்கி எடுக்க யார் தடுக்க முடியும்? ஸ்டாக் பந்தயத்தில் ஹெட் தேர்வு என்பது உண்மையில் இந்தப் பொறுக்கல்தான். அரைநூற்றாண்டுக்கு முன்னால் ஏதோ ஒரு ஷிப்டில் ஏதோ ஒரு தொழிலாளி கோரைச் சரியாக உட்கார வைத்தார். அதன் பலனை இன்றைக்கு ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கிறார்.

பிறகு விரிசல். வார்ப்பிரும்பு சூட்டைத் தாங்கும், ஆனால் சட்டென்று சூடேறிக் குளிர்வது அதற்கு ஆகாது. இந்த எஞ்சினில் நடு இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டு அடுப்பை ஒட்டி வைத்த மாதிரி. அங்கே விரிசல் விழ வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரும்புக்கு ஒரு நல்ல குணம், காந்தம் பிடிக்கும். ஹெட்டைக் காந்தமாக்கி மேலே இரும்புப் பொடி தூவினால் விரிசல் இருக்கும் இடத்தில் பொடி கோடாகக் கூடிவிடும். அலுமினியத்தில் இந்த வித்தை பலிக்காது. விரிசல் விட்ட வார்ப்பிரும்பை வெல்டு செய்வதும் லேசு இல்லை. முழு ஹெட்டையும் சூளையில் சூடேற்றி, ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பக்கத்திலேயே புது விரிசல். நம்மவர் வெல்டர் என்பதால் இதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது குழியின் கொள்ளளவு, அதாவது கம்பஸ்டன் சேம்பர். +2 வேதியியல் லேபில் பியூரெட் பிடித்திருப்பீர்களே, அதேதான் இங்கேயும். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வை மூடி, மேலே கிரீஸ் தடவிய கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு. அதில் சின்னத் துளை. அதன் வழியாகக் கலர் திரவத்தைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குழி நிரம்ப எத்தனை சிசி பிடித்தது என்று பார்க்க வேண்டும். விதிப்புத்தகம் ஒவ்வொரு எஞ்சினுக்கும் குறைந்தபட்ச சிசி வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போகக் கூடாது.

ஏன் இந்தக் கெடுபிடி? கணக்குப் போட்டுப் பாருங்கள். 350 எஞ்சினில் துளை 4 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 3.48 அங்குலம். ஒரு சிலிண்டர் கொள்ளளவு ஏறக்குறைய 717 சிசி. கேஸ்கெட், பிஸ்டன் மேல் பள்ளம், பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடைவெளி எல்லாம் சேர்த்து 18.5 சிசி என்று வையுங்கள். குழி 65.5 சிசி என்றால் கம்ப்ரஷன் ரேஷியோ 9.53. அதே குழி 62 சிசி என்றால் 9.90. மூன்றரை சிசி, ஒரு டீஸ்பூன்கூட இல்லை! அதற்கே இவ்வளவு வித்தியாசம். இதனால்தான் வார்த்ததில் குழி பெரிதாக இருந்தால் ஹெட்டின் அடிப்பரப்பை மெஷினில் சீவி, புத்தகம் சொல்லும் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த ஹெட்டில் ஒரு சிசி குறைக்க சுமார் ஏழாயிரத்தில் ஒரு பங்கு அல்ல, ஆயிரத்தில் ஏழு பங்கு அங்குலம் சீவ வேண்டும். மூன்றரை சிசிக்கு 0.6 மில்லிமீட்டர். ஏற்கெனவே யாராவது இரண்டு மூன்று தடவை சீவியிருந்தால் ஹெட் காகிதமாகிவிடும். அதனால் வாங்கும்போதே தடிமனையும் அளக்க வேண்டும்.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடம். ஹெட் எவ்வளவு காற்று விடுகிறது என்று அளக்க ஃப்ளோ பெஞ்ச் என்ற கருவி உண்டு. 28 அங்குலத் தண்ணீர் அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று சொல்லும். விற்பவர்கள் பெருமையாகக் காட்டுவது வால்வு அரை அங்குலம், 0.6 அங்குலம் திறந்த நிலையில் உள்ள எண்ணை. அதுதான் பெரிதாக இருக்கும். ஆனால் ஸ்டாக் பிரிவில் கேம்ஷாஃப்ட் எவ்வளவு நேரம் வால்வைத் திறந்து வைக்கலாம் என்பதற்குத் தடையில்லை. எவ்வளவு உயரம் திறக்கலாம் என்பதற்குத்தான் தடை. நம்மவர் எஞ்சினின் இன்டேக் வால்வு 0.39 அங்குலம், அதாவது 10 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் திறக்கும். அதற்கு மேல் திறக்கவே போவதில்லை. அப்புறம் 0.6-ல் எவ்வளவு விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? வாசல் அரைகுறையாகத் திறக்கும் வீட்டில் கூடம் எவ்வளவு அகலம் என்று பேசுவது மாதிரி.

அதனால் தெரிந்தவர்கள் பார்ப்பது 0.2, 0.3, 0.39 அங்குலத்தில் என்ன எண் என்று. அந்தத் தாழ்ந்த உயரத்தில் காற்றைத் தீர்மானிப்பது வால்வும் அதன் இருக்கையும் சந்திக்கும் விளிம்பு. அந்த இருக்கையை 30, 45, 60 டிகிரி என்று பல கோணங்களில் வெட்ட விதி இடம் தருகிறது. (அந்தச் சாக்கில் கீழே இறங்கி வழியையே குடைந்துவிட முடியாது.) நல்ல கை வெட்டிய இருக்கையும் சுமாரான கை வெட்டிய இருக்கையும் ஒன்றில்லை. விட்டுவைத்திருக்கும் அந்தச் சின்ன வளையத்துக்குள்தான் கலைஞன் தன் கலையைக் காட்ட வேண்டும். வெண்பாவில் தளை தட்டாமல் எழுதுகிறவன் கஷ்டம் மாதிரி.

இனி நம்மவர் மேஜைக்குத் திரும்பலாம்.

இரண்டு ஜோடி. அதில் ஒன்று 0.39 அங்குலத்தில் கூடுதலாகக் காற்று விடுகிறது. வால்வு அளவு சரி. இருக்கை வெட்டு ஏறக்குறைய ஒன்றுபோல். விரிசல் இல்லை. சேம்பர் சிசி சரி. கிரைண்டர் பட்ட தடமும் இல்லை, உள்ளே கை விட்டால் மண்ணில் வார்த்த சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. பிறகு எப்படிக் கூடுதல் காற்று?

அவர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். வார்ப்பில் கோரின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய தையல் கோடு இருக்கும். ஒரு ஜோடியில் அந்தக் கோடு கூர்மையாக இருக்கிறது. இன்னொன்றில் சோப்புக் கட்டி தேய்ந்த மாதிரி மழுங்கி இருக்கிறது. பியூரெட்டை எடுத்துக் காற்று வழியின் கொள்ளளவை அளக்கிறார். இந்த வகை ஹெட்டில் இன்டேக் வழி 160 சிசியை ஒட்டித்தான் இருக்க வேண்டும். மழுங்கிய ஜோடியில் எட்டு வழியிலும் ஆறேழு சிசி கூடுதல். எட்டிலும் ஒரே அளவு கூடுதல்! கோர் நகர்ந்திருந்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். எட்டும் சொல்லி வைத்த மாதிரி கூடாது.

அமிலம். வழிக்குள் அமிலத்தை ஊற்றி இரும்பை அரிக்க விட்டிருக்கிறார்கள். கிரைண்டர் தடம் இருக்காது, சொரசொரப்பும் கிட்டத்தட்ட அசலைப் போலவே இருக்கும். இந்த ஏமாற்று பழையது. விதியில் பெயர் சொல்லித் தடுக்கும் அளவுக்குப் பழையது.

விற்றவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். நாலு கை மாறி வந்த இரும்பு. ஆனால் இப்போது நம்மவருக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஸ்டாக் பிரிவில் பெரும்பாலான பந்தயங்கள் ஹேண்டிகேப் முறையில் நடக்கும். என் கார் இத்தனை விநாடியில் போகும் என்று ஓட்டுநரே முன்கூட்டி எழுதிக் கொடுப்பார். மெதுவான காருக்கு முதலில் பச்சை. சொன்னதைவிட வேகமாகப் போனால் தோல்வி! அப்படியென்றால் ஹெட் நன்றாக இருந்து என்ன பயன்? பயன் உண்டு. ஒரே வகுப்பைச் சேர்ந்த இரண்டு கார்கள் மோதும்போது ஹேண்டிகேப் கிடையாது. நேருக்கு நேர், யார் முதலில் போகிறாரோ அவர் வெற்றி. அந்த நாளில் நூறில் ஒரு பங்கு விநாடிக்குக்கூட ஆள் ஏங்கிப்போவார். அந்தக் கூடுதல் காற்று அங்கேதான் கண் சிமிட்டுகிறது.

ஆனால் நன்றாக ஓடுவதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு வகை எஞ்சின் தன் வகுப்புக்குக் குறித்த நேரத்தைவிட மிக வேகமாக ஓடினால், என்.ஹெச்.ஆர்.ஏ. அந்த எஞ்சினின் குதிரைத்திறனைத் தன் கணக்கில் ஏற்றிவிடும். முன்னே சொன்ன உதாரணத்தில் 300 என்பது 310 ஆனால், அதே விகிதத்தில் நிற்க 107 பவுண்டு கூடுதல் எடை சுமக்க வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், ஏற்றம் ஓட்டியவருக்கு மட்டும் இல்லை, அதே எஞ்சின் வைத்திருக்கும் எல்லோருக்கும். அமில ஹெட் வைத்து ஒருவர் பறந்தால், நேர்மையாக ஓட்டுகிற முகம் தெரியாத இன்னொருவர் எங்கோ ஒரு மாநிலத்தில் எடை தூக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் நல்ல ஹெட்டுக்கு நேர்வழியே இல்லையா? இருந்தது, கம்பெனிகளுக்கு. 1960-களில் ஃபோர்டு மஸ்டாங் பந்தயத்தில் அடி வாங்கிக்கொண்டிருந்தது. ரோட் ஐலண்டில் கார் விற்ற பாப் டாஸ்கா தன் பட்டறையில் 428 கன அங்குல எஞ்சினுக்கு நல்ல ஹெட் மாட்டிக் காட்டினார். அவர் மாட்டினால் செல்லாது, கம்பெனியே மாட்டி விற்றால் செல்லும். ஃபோர்டு முதல் கட்டமாக 50 கார் செய்து இறக்கியது. 428 கோப்ரா ஜெட். பெரிய வழி கொண்ட வார்ப்பிரும்பு ஹெட், காகிதத்தில் வெறும் 335 குதிரைத்திறன். 1968-ல் பொமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸில் ஆல் ஜோனியக் அந்தக் காரில் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை அடித்துக்கொண்டு போனார். சட்டப்படி செல்லும் ஹெட் என்பதற்கு அர்த்தம் நல்ல ஹெட் என்பதல்ல, ஊரறிய விற்ற ஹெட் என்பதே.

கம்பெனி பலம் இல்லாதவர்களுக்கும் முன்னுதாரணம் உண்டு. 'கிரம்பி' என்று எல்லோரும் கூப்பிட்ட பில் ஜென்கின்ஸ். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர்ந்து முடிக்காமல் வந்தவர். 1966-ல் குட்டி செவி II காரில் 327 எஞ்சினை வைத்துக்கொண்டு 426 ஹெமி கார்களோடு மோதினார். கிட்டத்தட்ட நூறு கன அங்குலம் குறைவு! அவர் ஆயுதம் கணக்கு, அளவு, பொறுமை. 2012-ல் அவர் இறந்தபோது அந்த உலகமே துக்கம் கொண்டாடியது.

நம்மவர் நினைப்பெல்லாம் இண்டியானாபோலிஸ். யு.எஸ். நேஷனல்ஸ். 1955-ல் கான்சாஸ் மாநிலத்தில் தொடங்கி, 1961 முதல் இண்டியானாபோலிஸ் அருகே நடக்கும் திருவிழா. அங்கே வகுப்பில் ஜெயித்தவர் கோப்பையோடு நேராக வீட்டுக்குப் போக முடியாது. கார் சோதனைக் கொட்டகைக்குப் போகும். தன் எஞ்சினைத் தானே பிரிக்க வேண்டும். எண்ணெய் வடியும் ஹெட்டைத் தூக்கி மேஜையில் வைக்க வேண்டும். சோதனை அதிகாரி எண்ணைப் பார்ப்பார், வால்வை அளப்பார், பியூரெட்டை எடுப்பார், வழிக்குள் டார்ச் அடிப்பார். சுற்றிப் போட்டியாளர்கள் நிற்பார்கள். யாரும் பேச மாட்டார்கள்.

அவர் இரண்டு நாள் யோசித்தது இந்த நிமிடத்தைத்தான். அதிகாரி கண்டுபிடிப்பாரா, மாட்டாரா என்று தொடங்கியது யோசனை. கண்டுபிடிக்காமலும் போகலாம். ஆறேழு சிசிதானே? தையல் கோடு மழுங்கியதைச் சூட்டில் போனது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அவர் குனிந்து டார்ச் அடிக்கும் அந்த நேரம் முழுக்கத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

கடைசியில் காற்று குறைவாக விடும் ஜோடியை எடுத்துக்கொண்டார். கோடு கூர்மையாக இருக்கும் ஜோடி. மற்றதைத் திருப்பிக் கொடுத்தபோது விஷயத்தை விற்பவரிடம் சொல்லிவிட்டார். தெருவில் ஓட்டும் யாருக்காவது கொடுங்கள், அவர்களுக்கு இது நல்ல ஹெட்தான் என்றார். உண்மையும் அதுதான். இரும்பின் மேல் தப்பில்லை.

எடுத்துக்கொண்ட ஜோடிக்கு இனி வேலை நிறைய. இருக்கையை நல்ல கையிடம் கொடுத்து வெட்ட வேண்டும், புத்தகம் சொல்லும் சிசி வரை சீவ வேண்டும், அந்த 0.39 அங்குலத்துக்குள் என்னென்ன கறக்க முடியுமோ அத்தனையும் கறக்க வேண்டும். அப்படியும் விட்டுக்கொடுத்த காற்று முழுவதும் திரும்ப வராது. நேருக்கு நேர் மோதும் ஒரு நாளில் அரை அடி வித்தியாசத்தில் தோற்கலாம். தோற்றுவிட்டு வரும்போது அந்த இன்னொரு ஜோடி கண்டிப்பாக ஞாபகத்துக்கு வரும்.

ஒருவேளை ஜெயித்தாரென்றால், கொட்டகையில் ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டைக் கழற்றும்போது அவர் கை நடுங்காது. ஓட்டும்போது யாருக்கும் தெரியாத அந்தத் தையல் கோடு, திறந்து வைத்ததும் எல்லோருக்கும் தெரியும்படி கூர்மையாக இருக்கும்.